மலைக்குப் போன நகல்

எங்கள் கம்பெனியின் மெயில் சர்வர் ஏலக்காய் தரம் பிரிக்கிற கூடத்தின் மூலையில் இருந்தது. சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏசி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல், செங்கல் மேல் பலகை, பலகை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. போடியில் எங்களை மாதிரிச் சின்னக் கம்பெனிகள் எல்லாம் இலவச மெயிலில் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்க, எங்கள் முதலாளிக்கு மட்டும் சொந்த சர்வர் வேண்டும். "நம்ம கடுதாசிய எதுக்கும்மா அடுத்தவன் வீட்டுல வைக்கணும்?" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் டைப் அடிக்கச் சேர்ந்தவள். பிறகு இங்கிலீஷ் கடிதம் எழுதினேன், பிறகு கம்ப்யூட்டர் நின்றால் திறந்து தூசி ஊதினேன். "ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே சர்வரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மெயிலை நிறுத்திவிட்டு, இத்தனை வருடக் கடிதங்களும் அடங்கிய டேட்டாபேஸை ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, திரும்ப ஓட விட வேண்டும். இதுதான் பேக்கப். இருபது நிமிட வேலை. முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். நான் காலண்டரில் அன்றைய தேதி மேல் ஒரு டிக் போட்டுவிட்டுப் பையைத் தூக்குவேன்.

ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று என் மேசை டிராயரில். இன்னொன்று மலை மேல், போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் முதலாளியின் எஸ்டேட் ஸ்டோரில். ஸ்டோர் என்றால் கடையில்லை, பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். சனிக்கிழமை சாமான் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஒன்று மேலே போகும், மற்றது கீழே வரும். "குடோன் தீப்பிடிச்சா ரெண்டும் சேந்து போயிரும்ல" என்று முதலாளி ஏற்பாடு செய்தது. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஜீப் டிரைவரிடம் டிஸ்கைக் கொடுக்கும்போதெல்லாம் இருவரும் சிரித்துக்கொள்வோம்.

கூடத்தில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். அவர்களுக்குத் தலைமையாக இருந்த அம்மாளை எல்லோரும் கங்காணி அக்கா என்போம். இருபது வருடத்துக்கு மேல் அதே கூடம், அதே சுவரோரம். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் ஒரு காயை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்து, எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் முன்னால் உலர்த்தியது என்று சொல்லிவிடுவார். அவர் உட்காரும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில்தான் சர்வரின் பிளக்.

இங்கேதான் என் தப்பு ஆரம்பிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு இடியில் மோடம் கருகிப்போனது. எங்கள் ஊரில் இடி இடித்தால் வீட்டுக்கு வீடு டிவி, பிரிட்ஜ், மிக்சி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். மலையடிவாரத்து ஊர், வேறு வழியில்லை. அந்தப் பழக்கத்திலேயே அக்காவிடம் சொன்னேன். "அக்கா, நான் மாடியில இருப்பேன், எறங்கி வர நேரமாகும். இடி இடிச்சா யாரையும் கேக்க வேணாம், வெரசா இந்தப் பிளக்கப் புடுங்கிரு."

ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை அப்படிப் பிடுங்கக் கூடாது. அது எனக்கே தெரியும். முறையாக நிறுத்திவிட்டுத்தான் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் பாதியில் அறுந்துபோகும். தெரிந்துதான் சொன்னேன். அக்கா மூன்று வருடமாகப் பிடுங்கினார், ஒன்றும் ஆகவில்லை. அதனால் நானும் துணிந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடிக்கே அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மழை விட்டதும் நான் இறங்கிப் போய் மாட்டினேன். பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. மெயிலைத் திறந்து பார்க்கவில்லை, ஏன் பார்க்கப் போகிறேன்? ஆறு மணிக்கு வழக்கம்போல நகல் எடுத்தேன். பச்சை டிக் வந்தது. காலண்டரில் டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுடச்சுட அடை சுட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி கையில் போனோடு கூடத்துக்குள் நுழைந்தார். நடை சரியில்லை. வளைகுடாவில் எங்களிடம் காய் வாங்குகிற கம்பெனிக்கு மேனேஜர் மாறியிருந்தார். புதிய மேனேஜர் எங்கள் மூட்டையைப் பிரித்துத் தட்டில் கொட்டி வாட்சப்பில் படம் அனுப்பியிருந்தார். பச்சைக் காய்க்கு நடுவே வாய் பிளந்த வெடிப்புக் காய்கள். மட்டமான சரக்கைக் கலந்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று கீழே எழுதியிருந்தது.

முதலாளி அந்தப் படத்தை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "கழிச்சுப் போட்ட வெடிப்பையெல்லாம் மூட்டையில தள்ளி விட்டியா? இத்தன வருசம் இருந்த எடத்துல செய்யிற சோலியா இது?"

நாற்பது பேரின் கையும் நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் தள்ளல மொதலாளி. கலக்கச் சொல்லிக் கடுதாசி வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீதான வாசிச்சுக் காட்டுன. எடுத்துக் காட்டு."

உண்மை. சித்திரையில் பழைய மேனேஜர் எழுதியிருந்தார். இது காபியோடு சேர்த்து அரைக்கிற காய், பார்வைக்கு இல்லை, மணம்தான் முக்கியம், ஆகவே கால் பங்கு வெடிப்பு கலந்தே அனுப்புங்கள் என்று. முதலாளி அப்போது மகள் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். போனில் வாசித்தேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே "சரி சரி, செஞ்சிருங்க" என்றார். நான் கூடத்துக்கு வந்து அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "நாளைப்பின்ன ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாரு" என்றார்.

இதையெல்லாம் நான் சொன்னேன். முதலாளி இல்லையென்று தலையை ஆட்டினார். "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்ல. ஞாபகத்த வச்சு அவனுக்குப் பதில் எழுத முடியுமா? கடுதாசியக் கொண்டா."

முன்பெல்லாம் எல்லா மெயிலையும் அச்செடுத்துக் கோப்பில் போடுவோம். தண்டத்துக்குப் பேப்பர் எதற்கு, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அதை நிறுத்தியதும் அடியேன்தான்.

மெயிலைத் திறந்தேன். திறக்கவில்லை. டேட்டாபேஸ் சேதமாகியிருக்கிறது என்று ஒற்றை வரி. தேனியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்குப் போன் போட்டு, இடிக்குப் பிளக் பிடுங்கியதைச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்தேன், அசையவில்லை. "பேக்கப் இருக்குல்லக்கா, அத எடுத்துப் போடுங்க" என்றார். "அதெல்லாம் டெய்லி எடுக்குறேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு டிராயரிலிருந்த டிஸ்கை மாட்டினேன். அதிலும் அதே ஒற்றை வரி.

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"நேத்து ஆறு மணிக்கு."

"பிளக்கப் புடுங்குனது?"

"நேத்து மூணு மணிக்கு."

மூன்று மணிக்குக் கெட்டுப்போனதை ஆறு மணிக்கு நானே எடுத்து, நன்றாக இருந்த நகலின் மேல் கொட்டி மூடியிருக்கிறேன். அதற்குப் பச்சை டிக் வேறு.

முதலாளி சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை ஏலக்காய் உள்ளே வந்தால் மேலே இருப்பதைப் பார்த்து அவர் வாங்கியதே கிடையாது. குத்தூசியை அடிவரை செருகி, கீழே கிடக்கிற காயை உருவி, மோந்து பார்த்த பிறகுதான் பேச்சு. அவர் கேட்டார், "இந்த நகல ஒரு நாளாவது தெறந்து பாத்தியாம்மா? குத்தூசி போட்டியா?"

"இல்லண்ணே."

"மூணு வருசமா?"

"இல்லண்ணே."

அப்போதுதான் கூடத்திலிருந்து யாரோ, நேற்று அக்கா பிளக்கைப் பிடுங்கினார் என்று சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, நடந்ததைச் சொன்னார்கள். முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "காயிலயும் கைய வச்சு, மிசின்லயும் கைய வச்சிட்டியா? கடுதாசி இருக்கக் கூடாதுன்னே புடுங்குனியா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. பேக்கப்பைக் கெடுத்ததும் நான், பிடுங்கச் சொன்னதும் நான் என்றால் என் வேலை அன்றோடு போய்விடும் என்று பயம். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. அக்கா மடியிலிருந்த காய்த்தூசியைத் தட்டிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். கடிதம் வராவிட்டால் அவர் திரும்பி வரப்போவதில்லை. வேறு குடோனிலும் சேர்க்க மாட்டார்கள், கலப்படம் செய்தவர் என்ற பேர் எங்கள் ஊரில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் எல்லாத் தெருவும் சுற்றிவிடும்.

இனி மிச்சம் மலை மேல் இருந்த டிஸ்க் ஒன்றுதான். எஸ்டேட் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டேன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிற மனிதர். கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவில் ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது. "அது அலமாரியில இல்ல சேச்சி." அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் ஜீப்பில் ஏறினேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி நாலாவது வளைவிலேயே நின்றுவிட்டோம். மழைக்குப் பாறை உருண்டு ரோட்டில் கிடந்தது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்களின் ஜீப்புகள் எங்களுக்கு முன்னால் வரிசையாக நின்றன. மிஷின் வந்து பாறையைத் தள்ளுகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு பொட்டிக்கா தங்கச்சி இம்புட்டுப் பாடு?" என்றார் டிரைவர்.

"பொட்டிக்கு இல்லண்ணே."

அவர் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது மணி பத்துக்கு மேல். மேகம் இறங்கிக் கட்டடமே பாதிதான் தெரிந்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "டிஸ்க் எங்கண்ணே?"

முதலில் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த நோட்டுகளெல்லாம் வெள்ளை ரோமம் முளைத்துக் கிடந்தன. தோல் பை ஒன்று பச்சையாக மாறியிருந்தது. "இவிடெ வச்சா பூப்பல் பிடிக்கும் சேச்சி" என்றார். பூஞ்சாணத்தைத்தான் சொல்கிறார். "மழை தொடங்கினா தீப்பெட்டிகூட கத்தாது, பத்திக்காது. அதான் மாத்தி வச்சு."

மாற்றி வைத்த இடத்தைக் காட்டினார். ஏலக்காய் உலர்த்துகிற சூட்டு அறையின் வெளிச்சுவரில் ஒரு பொந்து. அதில் அவருடைய தீப்பெட்டி, உப்பு ஜாடி, ரேஷன் கார்டு, ஒரு ஜோடி காலுறை. நடுவே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் துணி சுற்றி எங்கள் டிஸ்க்.

"சூட்டுல வச்சா அது என்னத்துக்காகும்? இது என்ன கருவாடா, காயப் போட?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் கோபம், என் மேல் இருந்தது, அவர் மேல் இறங்கியது. அந்த மனிதர் முகம் மாறாமல் டின்னை என் கையில் வைத்தார்.

"தொட்டு நோக்கு சேச்சி. பூனை வயிறு மாதிரி. அவ்வளவுதான் சூடு."

தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் சூடு. டின்னைத் திறந்தால் ஏலக்காய் வாசம். டிஸ்கின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கத்தியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஜீப்பில் ஏறிவிட்டேன். டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவர், "நான் வேணா மெதுவாப் போறேன் தங்கச்சி, நீ மூச்ச விடு" என்றார்.

கீழே வந்ததும் உடனே சர்வரில் மாட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. சர்வீஸ் கடைக்காரர் போனில் தடுத்தார். "மொதல்ல வேற கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டுக்கோங்க. இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுல கை வைக்காதீங்க." இந்தத் தடவை சொன்னதைக் கேட்டேன். காப்பி முடிய முக்கால் மணி நேரம். பிறகு பழைய டேட்டாபேஸை ஓரமாக நகர்த்திவிட்டு, இதை அந்த இடத்தில் வைத்து, மெயிலை ஓட விட்டேன். முதலாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் காய் பொறுக்குகிற சத்தமே கேட்கவில்லை.

திரை வெள்ளையாகவே இருந்தது. பிறகு மேலிருந்து வரிசையாகக் கடிதங்கள் இறங்கத் தொடங்கின. போன வாரம், போன மாதம், ஆவணி, ஆடி. நான் சித்திரைக்குப் போனேன். இருந்தது. அதே கடிதம், கால் பங்கு வெடிப்பு, காபிக்கு அரைக்க, மணம்தான் முக்கியம். கீழே, முதலாளியிடம் பேசிவிட்டேன், அப்படியே அனுப்புகிறோம் என்று நான் அன்றே எழுதிய பதில்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். "மண்டபத்துல இருந்தேன்ல" என்றார். "ஆமா. போன் வந்துச்சு. சரின்னு சொன்னேன்." அந்தக் கடிதத்தை வளைகுடாவுக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் ஒரு வரி பதில் வந்தது, கடிதத்தைப் பார்த்தோம், விஷயம் முடிந்தது என்று. இவ்வளவு ஆட்டம் ஆடியதற்கு ஒரே ஒரு வரி.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். "அண்ணே, இடி இடிச்சாப் பிளக்கப் புடுங்கச் சொன்னது நான்தான். அக்காவா செய்யல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து ஏம்மா சொல்லல?"

அவர் பிடித்து உலுக்கவில்லை. "எனக்கும் நேத்து வாய் கூடிப்போச்சு. நீ மொதல்ல போயி அதக் காட்டிட்டு வா. நாளைக்கு அத்தன பேரு முன்னாடியும் நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு அக்காவின் ஊரான ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் தாளை நீட்டினேன். "எனக்கா இங்கிலீசு தெரியும்? வாசி" என்றார். தமிழில் வாசித்தேன். கையில் கீரையோடு கடைசிவரை கேட்டார்.

"அன்னிக்கும் இதத்தான் வாசிச்ச. ஒரு வார்த்த மாறல."

"மொதலாளி நாளைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்றேன்னுருக்காருக்கா. பிளக்கப் புடுங்கச் சொன்னது நான்தான்னும் அவர்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"இன்னிக்குத்தான். கடுதாசி கெடச்ச பெறகு."

அக்கா ஒரு கொத்தை முழுசாக உருவி முடித்தார்.

"கெடைக்காமப் போயிருந்தா, ஏத்தா?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அக்கா ஒன்றும் தேற்றவில்லை. பாதிக் கீரையைப் பையில் போட்டுக் கொடுத்து, "கடைசி பஸ்சு போயிரும், நட. நாளைக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் வந்தார். முதலாளி கூடத்தின் நடுவில் நின்று, அந்தக் கடிதத்தைப் பற்றியும் தன் மறதியைப் பற்றியும் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் அக்கா எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டுக் காய் பொறுக்கினார். "மொதலாளி, நல்ல காயவும் சேத்துக் கழிக்கிறீக" என்று அக்கா தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது கரண்ட் போனாலும் தாங்குகிற நல்ல யுபிஎஸ் சர்வருக்கு இருக்கிறது. இடி வந்தால் மட்டும் முறையாக நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்குகிறோம். நகல் ஏழு நாளுக்கு ஏழாக இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றைக் கொட்டுவதில்லை. மாதம் ஒரு தடவை ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். அக்காவைத்தான் ஏதாவது ஒரு மாதத்தின் பேரைச் சொல்லச் சொல்வேன். அவர் சொல்கிற மாதத்தில் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டுவேன், தலையாட்டிவிட்டுப் போவார். இதற்கு முதலாளி வைத்திருக்கிற பேர் குத்தூசி. மேலே இருக்கிற டிஸ்க் இன்றும் அந்தப் பொந்தில், பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது. அந்த மனிதரிடம் அடுத்த வாரமே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆனாலும் மழைக்காலத்தில் இடி உருளத் தொடங்கினால் கூடத்தில் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். அக்கா பொறுக்குகிற கையை நிறுத்தாமல் மாடிப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். "ஏத்தா, இடிக்குது. புடுங்குறது நீயா, நானா?"

"நான்தான்க்கா" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்கி ஓடுவேன்.